பெண்டிரைவுக்குள் ஒரு குலுக்கல் சீட்டு

போன மாதம் அக்கா குடும்பத்தோடு ஏற்காடு போனோம். சேலம் அஸ்தம்பட்டியில் என்னை ஏற்றிக்கொண்டதும், முன் இருக்கையில் இருந்த அக்கா மகள் என் பெண்டிரைவை வாங்கிச் சொருகி, பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளைத் தட்டிவிட்டாள். அதில் ஏறக்குறைய ஆயிரம் பாட்டுகள். மலையில் நெட் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால், ஏற்காடு என்றால் எங்களுக்குப் பெண்டிரைவ்தான். அடிவாரத்தில் ஒரு இளையராஜா பாட்டு வந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது இன்னொன்று, அதுவும் இளையராஜா. ஐந்தாவது வளைவில் மறுபடியும் அவரே.

"மாமா, இது ரேண்டமே இல்ல. உங்களுக்குப் பிடிச்சதா பார்த்துப் பொறுக்கிப் போடுது" என்றாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அனிருத் கட்சி.

"இல்ல கண்ணு, இப்படி வந்தாத்தான் அது ரேண்டம்" என்றேன். அவள் நம்பவில்லை. ஒன்பதாவது வளைவு வரை வாக்குவாதம் நடந்தது. அன்றைக்குக் காரில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம்.

ஷஃபிளைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து சுலபமான வழி குலுக்கல் சீட்டு. நான் வளர்ந்தது அம்மாபேட்டையில், தறிச் சத்தத்துக்கு நடுவே. அம்மா தெருவில் இருபது பேரைச் சேர்த்து மாதம் ஆயிரம் ரூபாய்ச் சீட்டு நடத்தினார். மாதாமாதம் இருபதாயிரம் சேரும். அது இந்த மாதம் யாருக்கு என்பதைக் குலுக்கல்தான் சொல்லும். பெயர் எழுதிய துண்டுக் காகிதங்களைச் சுருட்டிச் சொம்பில் போட்டு, வாயை உள்ளங்கையால் மூடிக் குலுக்கி, வீட்டிலிருக்கும் சின்னப் பையனை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அந்தச் சின்னப் பையன் பல மாதங்கள் நான்தான். மகள் கல்யாணத்தை வைத்திருப்பவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் உதறல்தான்.

ஒருமுறை சீட்டு விழுந்தவரின் பெயர் மறு மாதம் சொம்புக்குள் போகாது. முதல் மாதம் 20 காகிதம், அடுத்த மாதம் 19, அதற்கடுத்து 18. கடைசி மாதம் ஒரே ஒரு காகிதம் (அதையும் அம்மா விடாமல் குலுக்குவார்). யாருக்கு எப்போது விழும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, விழுந்தே தீரும்.

ஷஃபிள் என்பது இதுதான். ஆயிரம் பாட்டும் ஆயிரம் காகிதம். ஒலித்த பாட்டு சொம்புக்குத் திரும்பாது. சொம்பு காலியான பிறகுதான் அடுத்த சீட்டு ஆரம்பம்.

இன்னொரு முறையும் உண்டு. எடுத்த பெயரைப் படித்துவிட்டு, காகிதத்தை மறுபடி அதே சொம்பில் போட்டுக் குலுக்குவது. பழைய பிளேயர்கள் சிலவற்றில் 'ரேண்டம்' என்ற பொத்தான் இப்படித்தான் வேலை செய்தது. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம், ஆனால் இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. இந்த முறையில் அம்மா சீட்டு நடத்தியிருந்தால், இருபது மாதம் முடியும்போது இருபது பேரில் சராசரியாக ஏழு பேருக்குச் சீட்டே விழுந்திருக்காது. சிலருக்கு இரண்டு முறை, யாரோ ஒருவருக்கு மூன்று முறைகூட விழுந்திருக்கும். தெருவில் குடியிருக்க முடிந்திருக்காது.

அந்த ஏழு எங்கிருந்து வந்தது? ஒரு குலுக்கலில் உங்கள் பெயர் வராமல் போக இருபதில் பத்தொன்பது பங்கு வாய்ப்பு. இருபது முறையும் வராமல் போக, பத்தொன்பதை இருபதால் வகுத்த எண்ணை இருபது தடவை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.36. இருபது பேருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஏழு பேர். ஆயிரம் பாட்டுக்கு இதையே போட்டுப் பாருங்கள்: திரும்பப் போடும் முறையில் ஆயிரம் தடவை பாட்டு ஒலித்த பிறகும் 368 பாட்டுகள் வாயே திறந்திருக்காது. ஆயிரத்தையும் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்றால் சராசரியாக 7,500 பாட்டு வரை ஓட விட வேண்டும். பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால், தூங்காமல் 26 நாள். சீட்டு முறையில் மூன்றரை நாளில் முடிந்துவிடும்.

திரும்பப் போடும் முறையில் கேட்ட பாட்டே மறுபடி வருவதும் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் நடக்கும். ஆயிரத்தில் ஒன்றுதானே, ஐந்நூறு பாட்டாவது தாண்ட வேண்டாமா என்று தோன்றும். உண்மையில் 38 பாட்டுக்குள்ளேயே ஏதாவது ஒன்று இரண்டாம் தடவை வந்துவிட பாதிக்குப் பாதி வாய்ப்பு. 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே கணக்குதான்.

சரி, பிளேயருக்குச் சொம்பு ஏது? அது எப்படிக் குலுக்குகிறது? இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ரொனால்ட் ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் 1938-இல், ஆராய்ச்சியாளர்களுக்காகத் தொகுத்த அட்டவணைப் புத்தகத்தில், காகிதமும் பென்சிலும் வைத்துச் செய்வதற்காக இதை எழுதினார்கள். பாட்டை அவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள். 1964-இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் என்பவர் அதைக் கணினிக்கு ஏற்றபடி சுருக்கினார். இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது.

ஐந்து பாட்டு வைத்துப் பார்ப்போம்: க, ச, ட, த, ப. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 2 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதாக இருக்கும் ச-வை, கடைசியில் இருக்கும் ப-வோடு இடம் மாற்றுங்கள். இப்போது க, ப, ட, த, ச. கடைசி இடம் முடிந்தது. இனி ச-வைத் தொடக் கூடாது. அடுத்து ஒன்றிலிருந்து நான்குக்குள். 1 வந்தால் க-வும் த-வும் இடம் மாறும்: த, ப, ட, க, ச. அடுத்து மூன்றுக்குள். 3 வந்தால் ட இருந்த இடத்திலேயே இருந்துவிடும். அதுவும் ஒரு முடிவுதான். கடைசியாக இரண்டுக்குள். 1 வந்தால் த-வும் ப-வும் மாறி, ப, த, ட, க, ச என்று வரிசை முடிகிறது. அவ்வளவுதான். முடிந்த இடத்தைத் தொடாமல் விட்டுக்கொண்டே வருவது, சீட்டு விழுந்தவரின் பெயரைச் சொம்பில் போடாமல் இருப்பதற்குச் சமம்.

அந்த 'தொடக் கூடாது' என்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் எல்லா இடத்திலிருந்தும் எடுக்கலாம் என்று வைத்தால் நன்றாகத்தானே கலையும் என்று தோன்றும். புதிதாக நிரல் எழுதுபவர்கள் பலர் இங்கேதான் சறுக்குவார்கள். மூன்று பாட்டை அடுக்க மொத்தம் 6 விதம்தான். எல்லா இடத்திலிருந்தும் மூன்று முறை எடுத்தால் 27 வழிகள் வரும். 27-ஐ 6-ஆல் மீதியில்லாமல் பிரிக்க முடியுமா? முடியாது. அதனால் சில வரிசைகளுக்கு ஐந்து வழி, சிலவற்றுக்கு நான்கு வழி என்று ஆகிவிடும். கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் குலுக்கல் கோணல்.

எத்தனை வரிசை சாத்தியம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பாட்டுக்கு 120. பத்துக்கு 36,28,800. இருபது பாட்டுக்கு ஏறக்குறைய 24,000 கோடி கோடி. ஏற்காட்டு மலையில் எத்தனை வளைவோ அத்தனை பாட்டுதான், அதற்கே இவ்வளவு. அதற்கு மேல் எண்ணுவதில் அர்த்தமில்லை.

இனி அக்கா மகளின் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஒழுங்காகக் குலுக்கினால் ஒரே ஆள் பாட்டு மூன்று எப்படித் தொடர்ந்து வரும்?

மழை தொடங்கும்போது வாசல் சிமெண்டைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஐம்பது அறுபது துளிகள் விழும் நேரம். ஓர் இடத்தில் நாலு துளி ஒட்டிக்கொண்டு கிடக்கும். பக்கத்திலேயே ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றுமே இருக்காது. மழை எந்த இடத்தையும் பார்த்து விழுவதில்லை. பார்த்து விழாததால்தான் அப்படித் திட்டுத்திட்டாக இருக்கிறது. அதே வாசலில் காலையில் வைத்த கோலப் புள்ளிகளோ, சம இடைவெளியில் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியைப் பார்த்து வைத்தது. ஷஃபிள் தருவது மழைத்துளி. நாம் மனதில் வைத்திருப்பது கோலப்புள்ளி. அதைத்தான் 'ரேண்டம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் பெண்டிரைவில் ஆயிரத்தில் நானூறு பாட்டுகள் இளையராஜா. அவர் 1976-இலிருந்து இசையமைத்துக்கொண்டிருக்கிறார். நான் பிறந்ததே அதற்கப்புறம். வேறு எப்படி இருக்கும்? அவர் பாட்டு ஒன்று முடிந்ததும் அடுத்ததும் அவருடையதாக இருக்க, மீதி 999-இல் 399 பங்கு வாய்ப்பு. அதாவது ஐந்துக்கு இரண்டு. மலை ஏறி இறங்குவதற்குள் இருபது பாட்டு கேட்டால், அதில் எங்காவது மூன்று தொடர்ந்து அவருடையதாக வர பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று சொல்ல மாட்டேன், வந்ததில் ஆச்சரியமில்லை.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடும்போது இதைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு காகிதத்தில், நாணயம் சுண்டாமலே, மனதில் தோன்றியபடி இருபது தடவை பூ, தலை என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். அப்புறம் நிஜமாகவே ஒரு ரூபாயை இருபது தடவை சுண்டி எழுதச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. மனதிலிருந்து எழுதியதில் எங்குமே மூன்றுக்கு மேல் ஒரே பக்கம் தொடரவில்லை. 'ரெண்டு தலை வந்துடுச்சு, இனி ஒரு பூ போடலாம்' என்று கை தானாகத் திருத்திக்கொண்டே போயிருக்கிறது. நிஜமாகச் சுண்டியதில் ஐந்து தலை வரிசையாக விழுந்திருந்தது. இருபது தடவை சுண்டினால் நாலு அல்லது அதற்கு மேல் ஒரே பக்கம் தொடர, நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வாய்ப்பு, 77 சதவீதம். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை தலை விழுந்ததே, இந்தத் தடவை விட்டுக்கொடுப்போம் என்று அது யோசிக்காது.

இந்தச் சங்கடம் பாட்டு விற்பவர்களுக்கும் வந்தது. நேர்மையாகக் குலுக்கினார்கள், கேட்பவர்கள், அக்கா மகளைப் போலவே, ஏமாற்றுகிறீர்கள் என்றார்கள். ஆப்பிள் நிறுவனம் 2005-இல் தன் பாட்டு மென்பொருளான ஐட்யூன்ஸில் ஒரு புதிய வசதியை வைத்தது: ஒரே பாடகர், ஒரே ஆல்பம் எவ்வளவு ஒட்டி வரலாம் என்பதை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். குலுக்கல்தனத்தைக் குறைத்தால்தான் மக்களுக்கு அது குலுக்கல் மாதிரித் தெரிகிறது என்று ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே அப்போது சொன்னார். இணையத்தில் பாட்டு கேட்க உதவும் ஸ்பாட்டிஃபை 2014-இல் தன் முறையை மாற்றியதை விளக்கி எழுதியது. ஒரு பாடகரின் பாட்டுகளைப் பட்டியல் நெடுக ஏறக்குறைய சம தூரத்தில் பரப்பி, கோலம் என்று கண்டுபிடித்துவிடாதபடி ஒவ்வொரு புள்ளியையும் சற்று முன்னே பின்னே நகர்த்திவிடுவது. கோலப்புள்ளியை மழைத்துளி போலக் காட்டும் வேலை.

இது ஏமாற்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. குலுக்கலுக்கு விதி வைப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் படித்திருப்போம், ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வது. பத்தாம் நூற்றாண்டில் அந்தச் சிறுவன், அம்மாபேட்டையில் நான். அந்தக் கல்வெட்டில் பலரும் கவனிக்காத ஒரு விதி உண்டு: அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. 'சமீபத்தில் ஒலித்த பாட்டை விலக்கு' என்று இன்றைய ஆப்கள் செய்வது வேறென்ன?

ஆனால் இந்தச் சாமர்த்தியம் தமிழ்ப் பாட்டில் அடிக்கடி பல்லிளிக்கும். காரணம், ஒவ்வொரு பாட்டுக் கோப்போடும் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டு. டேக் என்பார்கள். அதில் 'கலைஞர்' என்ற இடத்தில் பாடியவர் பெயர் இருக்கும். வெளிநாட்டுப் பாட்டுக்கு அது போதும். நமக்கோ, ஒரு பாட்டு இன்னாருடையது என்று சொன்னால் பெரும்பாலும் இசையமைப்பாளரைத்தான் சொல்கிறோம். எஸ்.பி.பி. பாடியது, ஜானகி பாடியது, மலேசியா வாசுதேவன் பாடியது என்று ஆப் மூன்றாகப் பிரித்துப் பரப்பி வைக்கும். மூன்றுமே இளையராஜாவாக இருக்கும். அதோடு, எஸ்.பி.பி.யின் பெயரே ஒரு கோப்பில் முழுசாக, இன்னொன்றில் மூன்று எழுத்தாக, மற்றொன்றில் புள்ளியில்லாமல் இருந்தால், ஆப்பின் கண்ணுக்கு அவர் மூன்று பேர். சினிமா டிக்கெட் விலைக்கு எம்பி3 சிடி வாங்கிச் சேர்த்த காலத்துப் பாட்டுகளில் 'கலைஞர்' என்ற இடத்தில் சிடி போட்டவரின் பெயர்தான் இருக்கும். அதை வைத்து எந்த ஆப் என்ன செய்யும்?

வரிசையே முக்கியம் என்பவர்களும் உண்டு. பாடகி அடெல் 2021 நவம்பரில் தன் ஆல்பம் வெளியானபோது கேட்டுக்கொண்டதால், ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் முதன்மைப் பொத்தானாக இருந்த ஷஃபிளை எடுத்துவிட்டது. எனக்கு அது புரியும். பட்டியல் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடையில் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிய காலத்தில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் முன் இருக்கும் அந்த இரண்டு விநாடி அமைதியிலேயே அடுத்த பாட்டின் முதல் அடி வாயில் வந்துவிடும். இன்றைக்கும் சில பாட்டுகள் முடிந்ததும் வேறொன்று வந்தால், படியில் கால் தவறிய மாதிரி இருக்கிறது.

அன்றைய கதை ஏரிக்கரையில் முடியவில்லை. நாணயச் சோதனையில் ஜெயித்த தெம்பில், 'ஷஃபிள் நேர்மையானதுதான், பந்தயம் ஒரு தட்டுவடை செட்டு' என்று சொல்லிவிட்டேன் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துப் பண்டம்). காரைக் கிளப்பினோம். காலையில் அஸ்தம்பட்டியில் வந்த அதே பாட்டு வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பகோடா பாயிண்டில் இறங்கி, பார்த்துவிட்டு வந்து மறுபடி கிளப்பினோம். அதே பாட்டு. "அடுத்தது எதுன்னு நான் சொல்லட்டுமா மாமா?" என்று சொல்லிவிட்டு, அதற்கடுத்த இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். வரிசை பிசகாமல் வந்தன.

கணினிக்கோ பிளேயருக்கோ தானாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான். அதனால் பார்க்கக் குலுக்கல் மாதிரி இருக்கும் எண்களைக் கணக்குப் போட்டே உண்டாக்குகிறது. ஒரு சின்ன மாதிரி: ஏதாவது ஓர் எண்ணை எடுத்து, ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். ஒன்றில் ஆரம்பித்தால் 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, 7, 6 என்று போய் மறுபடி 1-க்கு வரும். சும்மா பார்த்தால் கலைந்து கிடப்பது போல இருக்கிறது. கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறியே வருகிறது. நிஜப் பிளேயர்களில் ஓடும் கணக்கு இதைவிடப் பெரியது, இவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. ஆனால் சங்கதி ஒன்றுதான். எந்த எண்ணில் ஆரம்பிக்கிறோமோ, அதுவே முழு வரிசையையும் தீர்மானித்துவிடும். அந்த ஆரம்ப எண்ணை விதை என்பார்கள். ஒரே விதை போட்டால் ஒரே பயிர்.

அதனால் ஒவ்வொரு தடவையும் வேறு விதை வேண்டும். சில நிரல்கள் கடிகாரத்தைப் பார்த்து எடுக்கும். இன்றைய போன்கள் கருவிக்குள் நடக்கும் நுண்ணிய நேர வேறுபாடுகளைச் சேகரித்து வைத்து அதிலிருந்து எடுக்கின்றன. மலிவான பழைய பிளேயர் சிலவற்றில் அதற்கெல்லாம் வழியில்லை. கரண்ட் வந்ததும் எப்போதும் அதே எண்ணிலேயே ஆரம்பிக்கும். அக்கா காரில் இருந்தது அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும். வண்டியை நிறுத்திக் கிளப்பும்போதெல்லாம் அதே முதல் பாட்டு, அதே அடிவாரத்து இளையராஜா, அதே மூன்றாவது வளைவு இளையராஜா, அதே ஐந்தாவது வளைவு இளையராஜா.

"அப்ப நான் சொன்னது சரிதானே? இது ரேண்டமே இல்ல" என்றாள். பொதுவாக நான் சொன்னது சரி. அந்தக் காரைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. இந்த வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தேன். அக்கா, "போதும்டா, கீழ போனதும் செட்டு வாங்கிக் குடு" என்று முடித்துவிட்டார். கீழே இறங்கியதும் அஸ்தம்பட்டியில் நிறுத்தி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு செட்டு சாப்பிட்டாள், பந்தயம் ஒன்றுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து என் பெண்டிரைவை ஒருமுறை அலசினேன். ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. தினமும் அம்மாபேட்டையிலிருந்து சூரமங்கலம் போய்வருகிறேன். பதினைந்து பாட்டு ஓடும். என் வண்டியில் இருப்பது நல்ல பிளேயர்தான், விதை மாறுகிறது. ஆனாலும் சில பாட்டுகள் வாரத்துக்கு இரண்டு முறை வருகின்றன, சிலதை மாதக்கணக்கில் கேட்டதே இல்லை. காரணம் பிறகுதான் உறைத்தது. நான் ஒவ்வொரு நாளும் புதிதாக ஷஃபிளைத் தட்டுகிறேன். அதாவது தினமும் ஒரு புதுச் சீட்டு ஆரம்பித்து, பதினைந்தாவது பெயரோடு கலைத்துவிடுகிறேன். ஆயிரம் பாட்டில் தினம் பதினைந்து. 67 நாளில் ஆயிரம் முறை பாட்டு ஓடியிருக்கும். சீட்டைக் கலைக்காமல் விட்டிருந்தால் எல்லாப் பாட்டும் ஒருமுறை வந்திருக்கும். தினமும் கலைத்ததால் ஏறக்குறைய 360 பாட்டுகள் ஒருமுறைகூட வந்திருக்காது. பிளேயர் செய்வது ஷஃபிள். நான் அதைப் பழைய 'ரேண்டம்' ஆக்கிக்கொண்டிருந்தேன்.

இரட்டைகளும் இருந்தன. எண்பதுகள் தொகுப்பில் ஒன்று, மழைப் பாடல்கள் தொகுப்பில் அதே பாட்டு, எஸ்.பி.பி. தொகுப்பில் மறுபடி அதே. கோப்பின் பெயர் வேறு என்பதால் பிளேயருக்கு அவை மூன்று தனிப் பாட்டு. ஒரே ஆள் மூன்று பெயரில் சீட்டுக் கட்டிய மாதிரி. தேடித் தேடி எழுபதுக்கு மேல் நீக்கினேன். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள்: சில பிளேயர்கள் முதலில் ஒரு ஃபோல்டரைக் குலுக்கி எடுத்து, அப்புறம் அதற்குள் ஒரு பாட்டை எடுக்கும். இரண்டே ஃபோல்டர், ஒன்றில் பத்துப் பாட்டு, மற்றதில் 990 என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஃபோல்டரில் இருக்கும் ஒரு பாட்டு, பெரியதில் இருக்கும் ஒரு பாட்டைவிட 99 மடங்கு அதிகமாக வரும். யாரோ அனுப்பிய பத்துப் பக்திப் பாட்டு ஏன் ஓயாமல் வருகிறது என்பதற்கு விளக்கம் அங்கே இருக்கலாம்.

நான் செய்தது இதுதான். எல்லாப் பாட்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, கணினியிலேயே ஒருமுறை குலுக்கி, ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னாலும் 0001, 0002 என்று எண் போட்டுப் பெண்டிரைவில் ஏற்றினேன். முன்னால் அந்தச் சுழிகள் இல்லாவிட்டால் சில பிளேயர்கள் 1-க்கு அடுத்து 10-ஐப் போட்டுவிடும், ஜாக்கிரதை. பிளேயரில் ஷஃபிளை அணைத்துவிட்டேன். வரிசையாக ஓடுகிறது, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்குத் தொடர்கிறது. அடுத்து என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. சுற்று முடிந்ததும் மறுபடி ஒருமுறை குலுக்கி ஏற்றினால் போதும். அக்கா காருக்கும் இதுவே வைத்தியம். விதை மாறாத பிளேயரானாலும் அதற்கு இனி வேலையில்லை.

புதுப் பெண்டிரைவைக் கொடுத்தபோது அக்கா மகள் அதை உடனே காரில் போடவில்லை. மடிக்கணினியில் சொருகி, பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். 93-இல் நின்றாள். 93, 94, 95, 96, 97, 98, ஆறும் இளையராஜா. திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.